ஓவன் தானாக ஆறும் வரை

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகந்தானா? குட்டி எப்படி இருக்கிறாள்? உங்கள் இருவரைப் பற்றி ஒரு வரி போதும், அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுது. கோபித்துக்கொள்ளாதே.

பிளாஸ்டிக் கம்பெனி என்றால் வாளியா, குடமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை. கரித்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து, கரண்டில் சூடாகும் பட்டை செய்கிறோம். நான் கலவைப் பிரிவு. இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடுவே எங்கள் கறுப்புப் பிளாஸ்டிக். அதற்குள் இருக்கும் கரித்துகள்கள், வரிசையில் நின்று குடத்தைக் கை மாற்றுகிற மாதிரி, இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்குக் கரண்டைக் கை மாற்றும். பட்டை சூடாகும். சூடானதும் பிளாஸ்டிக் உப்பும், துகள்கள் விலகும், கரண்ட் குறையும், சூடு தானே அடங்கும். ஆறினால் பிளாஸ்டிக் சுருங்கித் துகள்கள் மறுபடி தொட்டுக்கொள்ளும். சுவிட்சைப் போடவும் அணைக்கவும் ஆள் வேண்டாம். தண்ணீர்க் குழாய் குளிரில் உறையாமலிருக்கச் சுற்றுகிறார்கள்.

மிஞ்சிய துண்டு ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கால் பலகை செய்திருக்கிறேன். குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே கால் ஜில்லென்று இருக்குமே, அதற்கு. உங்கள் ஊர் வழியாகப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தானிடம் முக்கியமாகச் சொல், ஒரு முனையில் மட்டும்தான் கரண்ட். மறு முனையை நான் மூடி ஒட்டியிருக்கிறேன், அதைத் தொடக் கூடாது.

வருஷக் கடைசிக்குள் நான் தனியாக ஒரு கலவை போட்டு, அது சோதனையில் தேறினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் குடும்ப வீடு தருவார்கள். கம்பெனி வாசலிலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இறந்து, குட்டியை உன் மடியில் போட்டுவிட்டு வண்டி ஏறியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எத்தனை ஊர், எத்தனை வேலை பார்த்தாயிற்று. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இடம் தருகிற வேலை இப்போதுதான் கிடைத்திருக்கிறது. எப்படியாவது தேறி அவளை அழைத்துவந்துவிட வேண்டும், அக்கா. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

என்னைக் கேட்கிறாளா?

உன் தங்கை

*

ஆகஸ்ட் 3

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறாயா என்று தெரியவில்லை. உன்னை நம்ப முடியாது.

பலகை வந்து சேர்ந்தது. உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும், மனுஷன் வாழ்நாள் பூராவும் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுற்று கட்டியவர். கரண்ட் என்றால் ஒரு வழியாகப் போய் மறு வழியாகத் திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் அது கரண்டே இல்லை என்பார். நீ மூடியிருந்த முனையைப் பார்த்துவிட்டு, “உன் தங்கச்சி அவசரக்காரி, பாதியில விட்டுட்டா. நான் முடிச்சுத் தரேன்” என்றார். நான் உன் கடிதத்தைக் காட்டினேன். கம்பெனிக்காரர்கள் பொதுவாக அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு, முனையைப் பிரித்து இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்தார். சுவிட்சைப் போட்டதும் படார் என்று ஒரு சத்தம். எங்கள் வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு மூன்றிலும் கரண்ட் போய்விட்டது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, இங்கே எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அவரையே கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

மறுநாள் சத்தம் போடாமல் கருகிய முனையை வெட்டி, நீ சொன்னபடியே மூடிவிட்டார். இப்போது ஜம்மென்று வேலை செய்கிறது. குட்டி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, ராணி மாதிரி எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். பட்டறையிலிருந்து செம்புக் கம்பித் துணுக்குகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள். பாலர் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். பட்டன் முன்னால் வைத்த சட்டைதான் போடுவாள், பின்னால் பட்டன் என்றால் ஊரைக் கூட்டிவிடுவாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

நலம். அங்கே மூவரும் நலந்தானே? உன் கடிதத்தை விடுதியில் உரக்கப் படித்தேன். அறையில் இருப்பவள் அத்தானை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். அவர் மனம் நோகாதபடி சொல், இங்கே புதிதாக வரும் எலக்ட்ரீஷியன்களும் முதலில் அந்த முனையைத்தான் பிரிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டதாக நினைக்கிறாய். ஒன்றை விட்டுவிட்டாய். பரவாயில்லை, அடுத்த தடவை எழுது.

எங்கள் மேலாளர் கையில் எப்போதும் கரண்ட் அளக்கும் மீட்டர் இருக்கும். சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்க மாட்டார். அதனால் அவருக்கு மீட்டர் என்றே பேர். போன வாரம் என்னை ஓவன் பக்கம் அழைத்துப் போனார். மெஷினிலிருந்து புதிதாக வந்த பட்டையை அளந்து காட்டச் சொன்னார். முள் அசையவே இல்லை. கலவை கெட்டுவிட்டது என்று பதறிப்போனேன். கெடவில்லையாம். மெஷினுக்குள் சுழலும் திருகு அழுத்தி வெளியே தள்ளுகிற வேகத்தில் கரித்துகள்கள் அறுந்து சிதறிவிடுமாம். சுருளாகச் சுற்றி, ஓவனில் வைத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகும் சூட்டில் ஒரு ராத்திரி விட்டால் அவை ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். அப்புறம் சூட்டை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல், தானாக ஆறும் வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை என்றார். எனக்கென்று பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

நவம்பரில் என் கலவை. தேறினால் அன்றைக்கே லீவு கொடுத்துவிடுவார்கள், வந்து குட்டியை அழைத்துக்கொள்வேன். வீட்டைக்கூடப் பார்த்துவிட்டேன். இரண்டு அறை, பச்சைக் கதவு. சமையலறை ஜன்னலில் நின்றால் காப்பகத்தின் ஊஞ்சல் தெரிகிறது. காலியாகக் கிடந்த வீட்டில், சுவரில் கையை வைத்து அவள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, அக்கா. என் பிள்ளை என் இடுப்புக்கு வருவாளா, தொடைக்கு வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு போட்டோ அனுப்பு. அம்மாவிடம் போகப்போகிறோம் என்று இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வை.

உன் தங்கை

*

அக்டோபர் 18

அன்புத் தங்கச்சிக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை சரியாக இருந்தது.

இந்தக் கடிதத்தோடு போட்டோ வைத்திருக்கிறேன். தனியாக உட்கார மாட்டேன் என்று அழுததால் என் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உயரம் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய், உட்கார்ந்திருப்பதில் தெரியாதுதான்.

குட்டிக்கு இருமல். பெரிதாக ஒன்றுமில்லை, மருந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் குளிர் ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தில் அவ்வளவு தூரம் ரயிலில் போவது நல்லதா என்று யோசனையாக இருக்கிறது. குளிர் போகட்டுமே. உனக்கும் புது வீட்டில் சாமான்கள் வாங்கி வைக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஒரு பிள்ளை இருக்கிற வீடு என்றால் சும்மாவா.

ராத்திரி என் கை அவள்மேல் இல்லாவிட்டால் விழித்துக்கொள்கிறாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், உனக்கும் தெரிந்திருக்க வேண்டுமே என்றுதான்.

அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா

*

நவம்பர் 30

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குட்டிக்கு இருமல் நின்றதா?

கலவை போயிற்று. கெடுத்தது நான்தான்.

கலவை நன்றாகவே வந்தது. மெஷினில் ஓட்டியபோது பட்டை கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. மீட்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓவனில் வைத்தோம். காலையில் சூட்டை நிறுத்திவிட்டு அவர் வேறு வேலையாக வெளியே போனார். சுருள் மறுநாள்தான் ஆறும், அப்புறம்தான் அளவெடுக்க முடியும். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறை போகிற ரயில். உன் கடிதம் என் பையில் இருந்தது. குளிர் போகட்டும் என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்கு ஒரு பயம், இந்த ரயிலை விட்டால் அப்புறம் விட்டதுதான் என்று. சாயங்காலத்துக்குள் அளந்து கையெழுத்து வாங்கிவிடலாமே என்று ஓவன் கதவைத் திறந்தேன். பெரிய ஃபேன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து சுருளுக்கு நேரே வைத்தேன்.

வெளிச்சுற்று சீக்கிரம் ஆறிவிட்டது. உள்சுற்று ஆறவில்லை. ஒரே சுருளில் வெளியே ஒரு அளவு, உள்ளே ஒரு அளவு. ஒரு பக்கம் சூடே ஏறவில்லை, மறு பக்கம் ஒழுங்காக அடங்கவில்லை. இப்படிப்பட்ட பட்டையை யார் வீட்டுக் குழாயில் சுற்றுவது? முழுச் சுருளையும் வெட்டிப் போட்டார்கள். மீட்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உன் அவசரம் ஓவனுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார். அவ்வளவுதான்.

லீவு இல்லை. மறுபடி பிப்ரவரியில் ஒரு வாய்ப்பு. பச்சைக் கதவு வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்னவோ.

உனக்கு இப்போது நிம்மதியாக இருக்கும். நீ கேட்ட மாதிரியே தள்ளிப்போய்விட்டது. குளிரைச் சாக்குச் சொல்லாதே, அக்கா. குளிரை விரட்டுவதுதான் என் பிழைப்பு. போட்டோவில் குட்டிக்கு உன்னை மாதிரியே வலப்பக்கம் வகிடு எடுத்திருக்கிறாய். எனக்கு அதை எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தங்கை

*

ஜனவரி 12

அன்பு மைத்துனிக்கு,

நான் எழுதுகிறேன் என்று ஆச்சரியப்பட வேண்டாம். அனைவரும் நலம், குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் அக்காவுக்குக் கையில் சுளுக்கு என்று எழுதச் சொன்னாள். கையில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து எழுதுகிறாள், கிழித்துப் போடுகிறாள், மறுபடி எழுதுகிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

பட்டை விஷயத்தில் நான் செய்தது தப்புதான். இப்போது புரிந்துவிட்டது. பட்டறைக்கு வருபவர்களுக்கெல்லாம் நானே விளக்கிச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் உங்கள் வேலை நல்லபடியாக முடிய வேண்டும். முடிந்ததும் ஒருமுறை நேரில் வாருங்கள். சில விஷயங்களைக் கடிதத்தில் எழுத உங்கள் அக்காவுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவள்மேல் கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் என் எதிரில் படாதீர்கள், நான் எந்தப் பக்கம் பேசுவது?

இப்படிக்கு,
அத்தான்

*

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அங்கே இருந்த இரண்டு நாளும் நாம் சரியாகப் பேசவில்லை. நேரில் வராத பேச்சைக் கடிதத்தில் பேசுகிறேன்.

இந்தத் தடவை ஓவன் ஆறும் வரை அந்தப் பக்கமே போகவில்லை. விடுதியில் உட்கார்ந்து துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். சுருள் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு காட்டியது. நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுச் சாவியும் கொடுத்தார்கள், அதே பச்சைக் கதவு. ரயிலில் வழியெல்லாம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

உன் வீட்டு வாசலில் குட்டி நின்றாள். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிறாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். உன் வீட்டில் இருக்கும் என் போட்டோவில் பார்த்த முகம் என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. உள்ளே திரும்பி, “அம்மா, சித்தி வந்திருக்காங்க” என்றாள்.

நீ சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருந்தாய். அத்தான்தான் பையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, ரயில் சரியான நேரத்துக்கு வந்ததா என்று மூன்று முறை கேட்டார்.

அக்கா, அவள் நல்ல பிள்ளை. சித்திக்கு முறுக்கிய கம்பியில் ஒரு மோதிரம் செய்து கொடுத்தாள். சித்தியிடம் உட்கார்ந்து கதை கேட்டாள். சித்தியோடு கடைக்கு வந்தாள். ஆனால் ஊருக்குப் போகலாமா என்று நான் கேட்டதும், “அம்மா வந்தா வரேன்” என்று உன் புடவையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிரித்து எடுத்திருக்கலாம். பெற்றவளுக்கு அந்த உரிமை இல்லையா என்ன? என்னால் முடியவில்லை. அவள் தூங்கும்போது கிளம்பிவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதி என்ன? கோபம் இருக்கிறது. அதே நேரத்தில், அவள் தலையிலிருந்து கால் வரை ஒரு குறையில்லாமல் வளர்ந்திருப்பதைப் பார்த்து உன் காலில் விழவும் தோன்றுகிறது. நேராக ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவளை நீயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாயா?

உன் தங்கை

*

மார்ச் 20

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

நேராகவே சொல்கிறேன். ஆமாம், ஆசைப்படுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும், அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. அவளை நீ என் மடியில் போட்டபோது நான் பெரியம்மாதான். பெரியம்மா என்றுதான் சொல்லிக்கொடுத்தேன், நம்பினால் நம்பு. பாலர் பள்ளியில் சேர்த்த பிறகு, கூப்பிடப் போகும்போதெல்லாம் டீச்சர் “அம்மா வந்தாச்சு பாரு” என்பார். அங்கே வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அம்மாக்கள். ஒரு நாள் அவளும் ஓடிவந்து அம்மா என்றாள். இல்லை கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். “என்ன” என்றுதான் வந்தது.

உன் அத்தான் உன் கடிதம் வந்தால், “உன் தங்கச்சி எழுதியிருக்கா” என்று என்னிடம் கொடுப்பார். குட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மாவின் தங்கச்சியை எப்படிக் கூப்பிடுவது என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். சித்தி என்று சொல்லியிருக்கிறார். கணக்கு சரியாகத்தானே போட்டிருக்கிறாள்? திருத்த வேண்டியவள் நான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். என்னைக் கேட்கிறாளா என்று நீ எழுதினாயே, அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன்.

நீ தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் போன அன்று, அவள் எழுந்து “சித்தி எங்கே” என்று இரண்டு தடவை கேட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. பெற்றவளை ஒரு பிள்ளை இரண்டே தடவை கேட்டுவிட்டு விளையாடப் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசை இருக்கிறது. அதனால்தான் இன்னும் ஒரு வருஷம் போனால் என்னால் கொடுக்கவே முடியாது. ஏப்ரல் முதல் வாரம் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருவேன். அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் பட்டறையில் ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அத்தான் எப்படி இருக்கிறார்?

குட்டி காப்பகத்தில் இருந்தபோது சொல்லாமல் கிளம்பிவிட்டாய். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாய், இருந்தாலும் நான் ஷிப்ட் முடிந்து வந்து உன் பை இல்லாத இடத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அழுகையை எழுதி உன்னை வதைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. இனி முடியாது. அம்மா வேணும், அம்மா வேணும் என்று அழுகிறாள். நான் பக்கத்தில் போனால், “நீ போ சித்தி” என்கிறாள். ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். ராத்திரி உன்னைப் போலவே கையை அவள்மேல் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே தள்ளிவிட்டாள், கை மாறியது தெரிந்துவிட்டது. அறைக்கு அறை போய்க் கதவுக்குப் பின்னால் பார்க்கிறாள். நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறாள்.

“அம்மா வருவாங்க கண்ணு” என்று நேற்று நானே சொன்னேன். உன்னைத்தான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன், அக்கா. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, எப்போது என்று கேட்டாள்.

வேலையில் புத்தி போகவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள். கிளம்பி வா. வந்து இங்கேயே இரு, இல்லாவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

உன் தங்கை

*

மே 4

அன்புத் தங்கச்சிக்கு,

வர மாட்டேன்.

உன் கடிதம் கிடைத்ததும் பையை எடுத்துத் துணி வைத்துவிட்டேன். அத்தான் டிக்கெட் வாங்கக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது வந்தால் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அப்புறம் ஒரு நாள் நான் மறுபடி கிளம்ப வேண்டும். அவள் மறுபடி முதலிலிருந்து அழ வேண்டும். ஒரு அழுகையை இரண்டு தடவை அழ வைக்க என்னால் முடியாது.

அம்மா வருவாங்க என்று இனிமேல் சொல்லாதே. பெரியம்மா ஊரில் இருக்கிறாள் என்று சொல். பெரியம்மா, பெரியம்மா என்று சொல்லிக்கொண்டே இரு. உன்னைச் சித்தி என்று கூப்பிட்டால் அடிக்காதே, திருத்தவும் செய்யாதே. என்ன கண்ணு என்று கேள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஊட்டாதே, தட்டைக் கீழே வைத்துவிட்டு நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார். பசித்தால் எடுப்பாள்.

எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் நான் வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அவள் உன்னை அம்மா என்று கூப்பிடும் அன்றைக்கு எழுது. அதுவரை தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகட்டும்.

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. அத்தான் ரேடியோவைப் பெரிதாக வைக்கிறார்.

நன்றாக இரு. அவள் நன்றாக இருக்கட்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

நீ நலமா என்று கேட்கக்கூட முடியாமல் இத்தனை நாள் வாயைக் கட்டிப்போட்டிருந்தாய். இப்போது கேட்கிறேன். நலமா? சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அத்தான் சிரிக்கிறாரா?

முதல் ஒரு மாதத்தைப் பற்றி எழுத மாட்டேன். அப்புறம் ஒரு நாள் தட்டைத் தானே இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் சட்டைப் பட்டன் போட என் முன்னால் வந்து நின்றாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே வேலை வாங்கக் கற்றுக்கொண்டாள். சித்தியும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்தா, இங்க பாரு, அவ்வளவுதான். நானும் எதுவும் கேட்கவில்லை. நீ சொன்னபடி உன்னைப் பெரியம்மா, பெரியம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கு மதியம் கலவை மெஷினின் மூடி விலகிக் கரித்தூள் கொட்டிவிட்டது. என்மேல்தான் முழுக்க. குழாயில் தண்ணீர் வரவில்லை. காப்பகம் மூடும் நேரமாகிவிட்டதே என்று அப்படியே ஓடினேன். கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். என்னைக் கண்டதும் ஒரு பையன் வீரிட்டு அழுதான். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். ஆயாவே இரண்டடி பின்னால் போனாள்.

குட்டி ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பையன் பக்கம் திரும்பி, “அழாத, எங்க அம்மாதான். கழுவினா போயிடும்” என்றாள். கரியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வழியில் அழுதால் கன்னத்தில் கோடு விழுமே என்று அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், “அம்மா, பெரியம்மாகிட்ட எப்ப போகலாம்?” என்று கேட்டாள். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே இந்த வரியை நீ எப்படிப் படிக்கப்போகிறாய் என்பதுதான் கண்முன் வந்தது.

நீயும் அத்தானும் கிளம்பி வாருங்கள். நாள் மட்டும் எழுது. வந்தால் அவள் ஓடிவந்து பெரியம்மா என்று உன்னைக் கட்டிக்கொள்வாள். அதைக் கேட்க எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால் ஸ்டேஷனுக்கு அவளை அழைத்துவர மாட்டேன், நான் மட்டும் வருகிறேன். முதலில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதுவிடலாம்.

உன் தங்கை